பாம்புக்குக் கிடைத்த லீவு

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். அச்சகத்தில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கட்டும். பெற்றவள் என்னைப் பற்றி ஊர் உலகம் வாசிக்கும்படி நீ எழுதியிருக்கிறாய். அதற்கு நான் சொல்லும் பதிலை மட்டும் பொத்தி வைப்பானேன்? கோபத்தோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் ஆற விட்டு எழுது என்று உன் அப்பா சொன்னார். ஆற விட்டால் நான் எழுதவே மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் சொன்னார்.

பொங்கலுக்கு வந்தபோது நம் வீட்டிலிருந்த பழைய வானசாத்திரப் புத்தகத்தைக் கேட்டாய். உங்கள் அச்சகம் அதை மறுபடியும் பதிப்பிக்கப் போகிறது, நல்ல பிரதி வேறெங்கும் கிடைக்கவில்லை, பதிப்புரை எழுதும் பொறுப்பு உனக்கு என்று சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தகத்தைத் துடைத்து, என் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இப்போது நீ எழுதிய பதிப்புரையின் அச்சுத்தாள் தபாலில் வந்திருக்கிறது. கூடவே அப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு: ‘அடுத்த வாரம் அச்சேறுகிறது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.’ அவர் வாசித்துக் காட்டவில்லை, தம்பி. பீலியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து நானே வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வாசித்ததை என்னால் நம்ப முடியவில்லை.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்பதை உன் அச்சகத்துக்காரர்களுக்காக ஒருமுறை இங்கே எழுதுகிறேன். ‘எழுத்து வாசனை அறியாத என் தாய், கிரகணத்தன்று கதவை அடைத்துக்கொண்டு, சூரியனைப் பாம்பு விழுங்குகிறது என்று அலறினார்.’ அப்புறம் சில வரிகள் தள்ளி, ‘அதே ஆண்டு தீபாவளியன்று, துரையவர்களின் பங்களாவில் நின்று கிரகணத்தின் உண்மைக் காரணத்தை நானே எடுத்துரைத்தேன். அடுத்து வந்த கிரகணத்தின்போது எங்கள் தோட்டத்தில் ஒருவர்கூட வீட்டுக்குள் அடையவில்லை. அறியாமை இருள் அகன்றது.’ நல்ல தமிழ்தான். உன்னைப் படிக்க வைத்த காசு வீண் போகவில்லை. ஆனால் அந்த இருளுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். என்ன நடந்தது என்று என்னை ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லையே.

முதலில் எழுத்து வாசனையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குமேல் கொழுந்து பறிக்கக் கூடை கட்டிவிட்டார்கள், படித்தது பாதி மறந்துபோனது, அது உண்மை. உன்னை அட்டனில் மாமா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தபோது மாதத்துக்கு ஒரு கடிதம் உனக்கு வருமே, ‘அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது’ என்று. அதை யார் எழுதியது என்று நினைத்தாய்? உன் அப்பா தேயிலை ஸ்டோரில் இலை வாட்டுகிற வேலை முடிந்து வந்தால் விரல் மடங்காது, பேனா பிடிக்கமாட்டார். அவர் சொன்னதில் பாதியும் நானாகச் சேர்த்ததில் பாதியுமாக அத்தனையும் நான் எழுதியவை. பெண்பிள்ளை பேரில் கடிதம் போவது வழக்கமில்லை என்பதால் அவர் பேரைப் போட்டேன். காய்ச்சலில் கிடக்காதே, மழையில் நனையாதே என்றெல்லாம் எந்த அப்பா எழுதுவார்? அதிலிருந்தாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தப் பழைய எழுத்துக்கூட்டலை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நீ இப்போது பதிப்பிக்கிற அதே புத்தகம்தான். நீ அட்டனுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா நோர்வூட்டுக்குச் சாமான் வாங்கப் போனார். காதர் நானா கடையில் பஞ்சாங்கத்தோடு புத்தகங்களும் தொங்கும். உனக்குச் சாதகம் கணிக்கலாம் என்று, அட்டையில் சூரியனும் கோள்களும் போட்டிருந்த ஒன்றை வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ராசியும் இல்லை, நட்சத்திர பலனும் இல்லை. பூமி உருண்டை, சந்திரன் அதைச் சுற்றுகிறது, அந்தக் காலத்தில் யாரோ எழுதியதை மறுபடி அச்சுப் போட்டது. மறுவாரம் திருப்பிக் கொடுக்கப் போனவரிடம் நானா, “வாசிச்சுப் பாருங்க, பிடிக்கலேன்னா கொண்டாங்க” என்றாராம். நாங்கள் கொண்டுபோகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று எழுத்துக்கூட்டி வாசிப்போம். அதில் எனக்குப் புரியாதது நிறைய. தூரம் அளக்கிற பகுதியை இன்றுவரை தாண்டித்தான் போகிறேன். ஆனால் கிரகணம் புரிந்தது. விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டினால் விழுகிற நிழல்தானே. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஐம்பத்தைந்தில் பெரிய சூரிய கிரகணம் வரப்போகிறது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. நான் பீலிக்கரையில் எல்லாப் பெண்களிடமும் சொல்ல ஆரம்பித்தேன். பாம்புமில்லை பல்லியுமில்லை, நிழல்தான், புத்தகத்தில் இருக்கிறது என்று. சிலர் நம்பினார்கள், சிலர் என்னைத் திட்டினார்கள். பயந்தவர்களும் இருந்தார்கள், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். லயத்தில் நம் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் செல்லம்மா இருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் அப்போது மாசமாக இருந்தாள். நடு மாதத்தில் அவளுக்கு உதிரம் பட ஆரம்பித்திருந்தது. பிள்ளை பெறுகிற சமயத்துக்கு லீவு உண்டு. ஆனால் நடுவில் இப்படி ஒன்று வந்தால் அதற்கு லீவு கிடையாது. அவள் புருஷன் துரையிடமே போய் நின்றான். வேலை செய்தால் உடம்பு சரியாகிவிடும் என்று துரை சொல்லி அனுப்பினார். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். மறுநாளும் செங்குத்தான மலையில்தான் அவளுக்குக் கொழுந்து பறிக்கிற நிரை.

அந்தச் செல்லம்மா, நான் பீலிக்கரையில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போனாள். “அக்கா, பாம்பு இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா, எனக்கு எவன் லீவு குடுப்பான்?” என்று கேட்டாள்.

தம்பி, அந்தக் கேள்விக்கு உன் பதிப்புரையில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அன்றோடு பீலிக்கரைப் பிரசங்கத்தை நிறுத்தினேன். கங்காணியும் நம்ம ஆள்தான், அவரிடம் பேசினோம். அவர் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், கிரகணத்தன்று மாசமாக இருக்கிற பெண்கள் வெளியே வந்தால் வம்சத்துக்கே ஆகாது, முதல் நாள் விரதம், மறுநாள் தீட்டுக் கழிக்க வேண்டும், ஆக மூன்று நாள் வேண்டும் என்று துரையிடம் சொன்னார். துரை சிரித்துவிட்டுச் சரி என்றார். துரைமாருக்குச் சீமையிலிருந்து கப்பல் ஏறும்போதே யாரோ சொல்லி அனுப்புவார்கள் போலிருக்கிறது, கூலியின் சாமியிலும் பேயிலும் கை வைக்காதே, மற்ற எல்லாவற்றிலும் வை என்று. உதிரம் படுகிறது என்று சொன்னதற்கு இல்லாத லீவு, பாம்பு வருகிறது என்றதும் வந்தது. நாங்கள் முட்டாள்களாக இருந்தால்தான் எங்களை மனுஷராக நடத்துவோம் என்றால், அது யாருடைய அறியாமை?

செல்லம்மாவைத் தனியாக விட முடியாது என்று நானும் மாசமாக இருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளோடு உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று எல்லாப் பெண்களும் பேசி வைத்திருந்தோம். பிள்ளைகள் வாயில் போட்டால், மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு வீட்டு அடுப்படிவரை போய்விடும். நீ பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்தாய். காலையில் வானம் இருண்டு வரும்போது, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாய். பாம்பு இல்லையம்மா, இதில் போட்டிருக்கிறது, வெளியே வந்து பார் என்று கத்தினாய். எனக்கு உள்ளே எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் பிள்ளை தானாகவே அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று. ஆனால் உனக்குப் பின்னால், லயத்து வாசல் ஓரமாக, யார் உள்ளே இருக்கிறார்கள் யார் இல்லை என்று பார்த்துக்கொண்டு கண்டாக்கு சப்பாத்துக் காலோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அதனால்தான் அவர் காதில் விழ வேண்டும் என்று, “ஐயோ, பாம்பு முழுங்குதுடா, உள்ள வராதே” என்று அலறினேன். ஆமாம், அலறினேன். நீ எழுதியது பொய்யில்லை. நீ போன பிறகு நானும் செல்லம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அவள் பாயில் படுத்தபடியே சிரித்தாள். சூரியனுக்குக் கண்ணைக் காட்டாமல் நிழலைப் பார்க்க வேண்டும் என்று கூரைத் தகரத்து ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வெளிச்சம் பிறை மாதிரி தேய்வதை அவளுக்குக் காட்டினேன்.

அந்த மூன்று நாள் படுத்ததில் அவளுக்கு உதிரம் நின்றது. கார்த்திகை பிறப்பதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் படுத்ததால்தான் நின்றது என்று சத்தியம் செய்ய நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கையில் எது கிடைத்தாலும் வாசிப்பாள், சாமான் சுற்றி வந்த கடதாசியைக் கூட விடமாட்டாள். உன் புத்தகம் வந்தால் அதையும் வாசிப்பாள். தன் அம்மா எப்படிப்பட்ட மடச்சி என்று உன் பதிப்புரையிலிருந்து தெரிந்துகொள்வாள். செல்லம்மா குடும்பம் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அவர்கள் போய்விட்டால், அது அப்படி இல்லை என்று சொல்ல இங்கே யார் இருப்பார்கள்? நாற்பத்தெட்டில் நாம் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று கொழும்பில் உட்கார்ந்து எழுதினார்கள். நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. அவர்கள் யாரோ, எழுதினார்கள். நீயும் கேட்காமலே எழுதினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அந்தத் தீபாவளிக் கதைக்கு வருகிறேன். வழக்கம்போல லயத்துக்காரர்கள் மாலையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார்கள். நீ வகுப்பில் முதலாவதாக வந்திருந்ததால் உன்னை முன்னால் நிறுத்த வேண்டும் என்று பெரிய கிளாக்கர் சொன்னார். உன் அப்பா உன் சட்டைக்கு வெள்ளாவி வைத்துக் கூட்டிப் போனார். என்ன படிக்கிறாய் என்று துரை கேட்டார், நீ இங்கிலீஷில் கிரகணத்தைச் சொன்னாய். அப்படியென்றால் உங்கள் பெண்கள் ஏன் உள்ளே ஒளிகிறார்கள் என்று அவர் கேட்டார். அறியாமை என்று நீ சொன்னாய். அவர் உனக்குக் கைகொடுத்து, வராந்தாவில் நிற்கிற தொலைநோக்கியில் பார்க்கவும் விட்டார். அதையும் பதிப்புரையில் மறக்காமல் எழுதியிருக்கிறாய், விஞ்ஞானக் கருவியைத் துரை கையாலேயே காட்டினார் என்று. அந்தக் குழாயை எங்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். எந்த மலையில் எவள் நிமிர்ந்து நிற்கிறாள், எவள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள் என்று பார்த்து ஆள் அனுப்புவதற்கு வைத்திருந்த குழாய் அது. அதை அவர் ஒருநாளும் வானத்துப் பக்கம் திருப்பி நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்த உன் அப்பா உன் சட்டையை மடித்து வைத்தார். புள்ள கெட்டிக்காரன்தான் என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கார்த்திகையிலேயே மறுபடி ஒரு சூரிய கிரகணம். இந்தத் தடவை நடுப்பகலில். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கு துரையின் உத்தரவைச் சொன்னார். இனிமேல் கிரகணக் கதையெல்லாம் செல்லாது, உங்கள் பிள்ளையே சொல்லிவிட்டான், வராதவளுக்குக் கூலிக் கணக்கில் பேர் இல்லை, வேலையும் இல்லை. கங்காணி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனியில் நான் சொன்ன பொய் அதற்குள் மெய்யாகியிருந்தது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். நீ அட்டனுக்குத் திரும்பியிருந்தாய், உனக்குத் தெரியாது. கூச்சத்தில் உனக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

தூறலில் மலை வழுக்கியது. மத்தியானம் கொழுந்து நிறுக்க மேட்டுக்கு ஏற வேண்டும். நிறைந்த கூடையோடு ஏறும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, அதே நேரத்தில் எனக்கு வலி எடுத்தது. இரண்டும் ஒன்றாக வந்ததுதான் என் போதாத காலம். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தூளியாகக் கட்டி என்னைக் கீழே தூக்கி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளை போய்விட்டது, பெண் பிள்ளை. லயம் முழுக்க ஒரே பேச்சு, பாம்பு தீண்டிவிட்டது, பெரிய படிப்புக்காரி சொன்னாளே நிழல் என்று, இப்போது என்ன சொல்கிறாள் என்று. துரையும் விசாரித்தாராம். கிரகணத்தைப் பார்த்தாளா என்று கண்டாக்கிடம் கேட்டாராம். கூடை எவ்வளவு கனம் என்று கேட்கவில்லை.

பாயில் கிடந்தபடி நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “பாம்புமில்ல, கிரகணமுமில்ல. ஏத்தத்துல கூடையோட ஏறுனேன். அதுதான்.” அந்த வலியிலும் அந்தப் புத்தகத்தில் வாசித்ததை நான் விட்டுக்கொடுக்கவில்லை, தம்பி. அன்றைக்கு லயத்தில் அப்படிச் சொன்னவள் நான் ஒருத்திதான். செல்லம்மாகூட நம்பவில்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். அதையும், உன் பதிப்புரை என்னை வைத்திருக்கிற இடத்தையும் சேர்த்து நினைத்துப் பார்.

இதையெல்லாம் உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நீ பிள்ளை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னாய், அதில் குற்றமில்லை. நிழல் நிழல்தான், அதை நீ சொல்லாமல் வேறு யார் சொல்வது? அதைக் கேட்டுக்கொண்டு எங்களை மலைக்கு விரட்டியவன்தான் பாவி. அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. கோபம் இன்றைக்குத்தான். மீசை வைத்த பிள்ளை, கேட்டால் சொல்ல அம்மா உயிரோடு இருக்கிறாள், கண்டியிலிருந்து வர ஒரு பஸ் போதும். ஒரு சனிக்கிழமை வந்து, அன்றைக்கு என்னம்மா நடந்தது என்று கேட்டிருக்கலாமே. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகும். அவள் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், வெளியே நின்று பாடம் சொல்லாதே. என்ன செய்கிறது என்று முதலில் கேள்.

விட்டுவிடு, பிள்ளை பேர் அச்சில் வருகிறது, நாலு பேர் வாசிப்பார்கள், அதைக் கெடுக்காதே என்று உன் அப்பா சொல்கிறார். அந்தப் பக்கத்தையே எடுத்துவிடச் சொல், அதோடு முடிந்தது என்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எழுத்து வாசனை அறியாத என்பதை வெட்டு, அது பொய். அலறினார் என்பது இருக்கட்டும், கண்டாக்கையும் பக்கத்தில் எழுது. அடுத்த கிரகணத்தில் ஒருவர்கூட வீட்டுக்குள் அடையவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுக்காதே. அது சத்தியமான வார்த்தை. அன்றைக்குப் பகலில் நம் தோட்டத்தில் ஒருத்திகூட வீட்டுக்குள் அடையவில்லை. உன் தங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நானும் மலையில்தான் நின்றேன். அந்த வரியை அப்படியே அச்சடி. அதற்கடுத்த வரியில் இதையும் அச்சடி.

அம்மா